துடைப்பமும் கொடியும்

கார்டன் பார்க்ஸ் ரயிலில் சாப்பாடு பரிமாறிய கறுப்பர். அடகுக்கடையில் ஒரு கேமரா வாங்கி, தானே படமெடுக்கக் கற்றார். 1948இல் 'லைஃப்' பத்திரிகை வேலைக்கெடுத்த முதல் கறுப்புப் படக்கலைஞரானார். உழைத்து முன்னுக்கு வந்த கதையென்று இதை முடித்துவிடுகிறார்கள்.

எனக்கு அப்படித் தோணலை. 1942இல் வாஷிங்டன் அரசு அலுவலகத்தில் தரை துடைத்த எலா வாட்சனை, கையில் துடைப்பம், பக்கத்தில் மாப்பு, பின்னால் அமெரிக்கக் கொடியென்று நிறுத்திப் படமெடுத்தார். அதற்குமுன் அந்தம்மாவின் கதையைக் கேட்டார். பிறகு வீடு, தேவாலயமென்று கூடவே போய் எடுத்தார். அவர் கலை அங்கேதான் இருக்கு.

எங்கம்மாவும் ஆபீசு கூட்டினவதான். அந்த ஆபீசு குரூப் போட்டோ எதிலயும் அவ இல்ல. இப்போ சேரிக்கு வர்ற கேமராக்காரங்க துடைப்பத்தை எடுத்துட்டுப் போறாங்க, பேரைக் கேக்குறதில்ல.