மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள்

ஒரு கலைஞன் அகாலத்தில் இறந்துபோனால், அவன் செய்து வைத்ததையெல்லாம் மரணசாசனமாகவே பாவிக்கிற ஒரு வழக்கம் ரசிகர்களிடம் இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. ஜாய் டிவிஷன் என்ற மான்செஸ்டர் பாட்டுக் கோஷ்டியின் முதல் இசைத்தட்டுக்கு நேர்ந்ததும் இதுதான்.

மேல்நாட்டுச் சங்கீதத்தில் எனக்குப் பாண்டித்தியம் கிடையாது. நண்பர் ஒருவர் வற்புறுத்தி உட்காரவைத்துத்தான் 'அன்னோன் பிளெஷர்ஸ்' என்ற அந்தத் தட்டைக் கேட்டேன். அறியாத இன்பங்கள் என்று பெயர். உள்ளே இன்பம் மருந்துக்கும் இல்லை. ஆனாலும் அன்றைக்கே மூன்று தடவை கேட்டேன்.

1976 வாக்கில் இங்கிலாந்தில் பங்க் என்ற ஆவேசக் கூச்சல் கிளம்பிற்று. அதில் கண்விழித்த பையன்கள் சற்று நிதானித்து, உள்முகமாகத் திரும்பிப் பாடியதைப் போஸ்ட்-பங்க் என்கிறார்கள். இயன் கர்ட்டிஸ், பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹுக், ஸ்டீபன் மாரிஸ் என்ற இந்த நால்வரும் அந்த வகை. பெரிய கம்பெனிகளை அண்டாமல், டெலிவிஷனில் வேலை பார்த்த டோனி வில்சனும் சகாக்களும் நடத்திய ஃபாக்டரி என்ற சின்ன ஸ்தாபனத்துக்காக, 1979 ஏப்ரலில் ஸ்டாக்போர்ட்டில் பதிவு செய்தார்கள். ஜூனில் தட்டு வெளிவந்தது. முதலில் போட்டது 10,000 பிரதிகள்.

மேடையில் இவர்கள் பெரிய இரைச்சல்காரர்கள். பதிவை நடத்திய மார்ட்டின் ஹானெட் அந்த இரைச்சலை வடிகட்டிவிட்டார். வாத்தியத்துக்கும் வாத்தியத்துக்கும் நடுவே, ஆளில்லாத வீட்டில் இருக்கிற மாதிரி ஓர் இடைவெளி. அதற்குள் எங்கேயோ லிப்ட் ஓடுகிறது, கண்ணாடி உடைகிறது. ஹுக்குக்கும் சம்னருக்கும் ஒரே ஏமாற்றம். விமரிசகர்களில் பலரோ தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். ஹானெட் செய்தது சரிதான் என்று ஹுக் ஒப்புக்கொள்ளப் பல வருஷங்கள் ஆயின. என் தொடர்கதையில் ஒரு பத்திரிகாசிரியர் இரண்டு அத்தியாயங்களை வெட்டியபோது நானும் இப்படித்தான் குதித்தேன். புத்தகமாகப் போடுகையில் அவற்றை நான் திரும்பச் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1980 மே 18-ல் கர்ட்டிஸ் தற்கொலை செய்துகொண்டார். வயது இருபத்து மூன்று. அதுவரை விற்பனைப் பட்டியலில் எட்டிப் பார்க்காத தட்டு, ஆகஸ்டில் 71-ஆம் இடத்துக்கு வந்தது. வாங்கினவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு அந்தத் தட்டைச் சும்மா கேட்க யாராலும் முடியவில்லை. ஒவ்வொரு வரியிலும் கயிற்றைத் தேடினார்கள். அட்டையில் இருக்கும் வெள்ளைக் கோடுகளைக்கூட ஏதோ துர்ச்சகுனம் போலப் பேசினார்கள். 1967-ல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்த ஒரு நட்சத்திரத்தின் ரேடியோத் துடிப்புகள் அவை. இன்று அதைப் பனியனில் போட்டுக்கொண்டு திரிகிறவர்களுக்கு நட்சத்திரமும் தெரியாது, பாட்டும் தெரியாது. அது போகட்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது 'ஷீஸ் லாஸ்ட் கண்ட்ரோல்' என்ற பாட்டு. கர்ட்டிஸுக்குக் காக்காய்வலிப்பு என்று 1979 தொடக்கத்தில் டாக்டர்கள் சொன்னார்கள். ஆகவே பாட்டு அவரைப் பற்றியதே என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கர்ட்டிஸ் வயிற்றுப்பாட்டுக்கு மாக்கிள்ஸ்ஃபீல்டில் ஒரு சர்க்கார் ஆபீஸில், ஊனமுற்றவர்களுக்கு வேலை தேடித் தரும் உத்தியோகம் பார்த்தவர். அங்கே வலிப்பு நோயுள்ள ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் வருவதை நிறுத்திவிட்டாள். வேலை கிடைத்திருக்கும் என்று நினைத்தாராம். வலிப்பில் இறந்துபோனாள் என்று பிறகுதான் தெரிந்ததாம். சம்னர் சொல்லியிருக்கும் விவரம் இது.

மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த அந்நியப் பெண்ணை அந்த இளைஞர் கண்ணெடுத்துப் பார்த்திருக்கிறார். நாவலாசிரியன் செய்ய வேண்டிய வேலை அது. பைல்களுக்கு நடுவே அவர் செய்திருக்கிறார். பாட்டு முழுவதும் அவருடைய சொந்த வேதனை என்று சொல்லும்போது, அவளை இரண்டாம் தடவையும் நாற்காலியைவிட்டு எழுப்பி அனுப்பிவிடுகிறோம்.

எல்லாப் பாட்டுகளும் இந்தத் தரத்தில் இல்லை. கடைசிப் பாட்டு எனக்கு நீளமாகவே பட்டது. இது இரண்டாம் பக்கத்தில் முதலாவதாக வருகிறது. நண்பரிடம் அந்தப் பக்கத்தை மறுபடி வைக்கச் சொன்னேன். "பாவம், அந்தப் பையன்" என்றார் அவர். நான் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அது புதிய செய்தியாக இருந்தது.