முத்திரைக்குள் சிக்கிய கோபுரம்

"கோபுர பார்டர் நாங்க நெய்யறோம், யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. அதே கோபுரத்தை கவர்மெண்டு லெட்டர்ல அச்சடிச்சா மட்டும் அது எப்படி சார் அவங்களுதாயிடும்?" மாகறல் தறிக்காரர் ஒருவர் கேட்டது இது. பொதுப் படக் களஞ்சியம் ஒன்றில் அவர் மகள் ஏற்றிய தமிழ்நாடு அரசு முத்திரையை நீக்கிவிட்டார்கள். சொன்ன காரணம், பதிப்புரிமை.

இந்தச் சொல்லில்தான் குளறுபடி தொடங்குகிறது. உடைமையும் மரியாதையும் இங்கே ஒரே சொல்லாடலுக்குள் திணிக்கப்படுகின்றன. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அரசின் படைப்புக்கு, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுதான் உரிமை. 1950 ஜனவரி 26இல் ஏற்கப்பட்ட தேசிய முத்திரைக்கு அது 2010இன் முடிவோடு தீர்ந்துபோயிற்று. (சாரநாத்தில் அந்தச் சிங்கங்களைச் செதுக்கியவன் எந்த உரிமையைக் கேட்டான்?) சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வரையப்பட்ட நம் கோபுர முத்திரைக்கும் இதே கணக்குதான். அது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரமா, மதுரையா என்ற சண்டையே இன்னும் ஓயவில்லை.

ஆனால் 2005இல் வந்த தேசிய முத்திரைச் சட்டம் காலக்கெடு இல்லாதது. முறைகேடான பயன்பாட்டுக்கு ஈராண்டுவரை சிறை, 5,000 ரூபாய்வரை அபராதம் என்று வைத்தார்கள். இது பதிப்புரிமை அல்ல, அதிகாரத்தின் முகத்துக்குப் போட்ட வேலி. அமெரிக்காவில் மத்திய அரசின் படைப்புக்குப் பதிப்புரிமையே கிடையாது. நாசாவின் சின்னத்துக்குத் தனி விதி உண்டு. அங்கே வேலியை வேலி என்றே சொல்கிறார்கள்.

2017இல் இந்திய அரசு வெளியிட்ட திறந்த தரவு உரிமத்தை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். தரவை எடு, மாற்று, விற்கவும் செய் என்று தாராளமாகப் பேசிக்கொண்டே வந்து, விலக்குப் பட்டியலில் பெயர், சின்னம், இலச்சினை எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் பூட்டிக்கொள்கிறது. பிரிட்டனின் உரிமமும் அப்படித்தான். அரசு தான் சொன்னதைக் கொடுக்கும், தன் முகத்தைக் கொடுக்காது. 1949இல் பாரதி எழுத்தின் உரிமையை வாங்கிப் பின்னர் பொதுவில் விட்டதும் ஓர் அரசுதான். கவிஞனைப் பொதுவாக்குவது அதற்கு எளிது.

'எல்லாச் சின்னத்தையும் அவுத்து விடு' என்று நம் தோழர்கள் சிலர் பேசுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பட்டுக்கு 2004இல் வந்த சில்க் மார்க்கை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்றால், விசைத்தறிப் பாலியஸ்டர் அதை ஒட்டிக்கொண்டு கடைக்கு வரும். அடி விழுவது மாகறல் தறியில். போலிக்குத் தண்டனை இருக்கட்டும்.

பிரச்சினை அதுவல்ல. 2012 செப்டம்பரில் மும்பையில் கேலிச்சித்திரக்காரர் அசீம் திரிவேதியைக் கைது செய்தார்கள். அவர் படங்களில் ஒன்றில் முத்திரைச் சிங்கங்கள் ஓநாய்களாகியிருந்தன. தேசத்துரோக வழக்கு போட்டு, எதிர்ப்பு கிளம்பியபின் அதைக் கைவிட்டார்கள். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. அது அரசாங்கக் கடிதம் என்று எவரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஏமாற்றுகிறவனையும் ஏளனம் செய்கிறவனையும் ஒரே தட்டில் வைக்கும் பார்வைதான், தறிக்காரர் மகளின் படத்தையும் 'ஆபத்து' என்று பார்க்க வைக்கிறது. களஞ்சியக்காரர்களும் பயந்துபோய்ப் பதிப்புரிமையைத் துணைக்கழைக்கிறார்கள்.

அந்த விலக்குப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும்: விவரிக்கவும் விமர்சிக்கவும் கேலி செய்யவும் சின்னத்தைப் படியெடுக்கலாம், அரசு போல நடிக்கக்கூடாது.