பத்தியமில்லா மருந்து: சமூக ஊடக வைத்திய விளம்பரங்கள் பற்றி ஒரு திறனாய்வு நோக்கு

விளம்பரத்தை வணிகத்தின் துணைக்கருவி என்று கொள்வதே பொதுவழக்கு. அது சொற்களால் ஆகிய ஓர் ஆக்கம் என்பதும், தனக்கென ஒரு சொல்லாட்சியும் கட்டுக்கோப்பும் உடையது என்பதும் போதிய கவனத்தைப் பெற்றதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கைத்தொலைபேசி வைத்திருப்போர் நாள்தோறும் வாசிக்க நேரும் தமிழில் ஒரு பகுதி இன்று மருந்து விளம்பரங்களாக அமைந்துள்ளது. சலரோகம், முழங்கால் நோ, முடியுதிர்வு, உடற்பருமன், தோலின் நிறம் ஆகியவற்றுக்கெல்லாம் தீர்வு கூறும் இவை முகநூலிலும் டிக்டொக்கிலும் வட்ஸ்அப்பிலும் இடையறாது வருகின்றன. இவற்றின் மருத்துவப் பயன் பற்றிய தீர்ப்பு மருத்துவருக்குரியது. ஆயின், இவை எந்த மரபிலிருந்து தம் குரலைக் கடன்வாங்குகின்றன, அவ்வாறு வாங்கும்போது எதனை விட்டுவிடுகின்றன என்பன மொழியும் இலக்கியமும் பயில்வோர் எழுப்பவேண்டிய வினாக்களாம்.

மருந்து விளம்பரம் புதியதோர் வடிவம் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் தோமஸ் ஹொலோவே தமது குளிகைகளையும் களிம்பையும் உலகெங்கும் பத்திரிகைகள் வாயிலாக விற்றுப் பெருஞ்செல்வர் ஆனார். 1909இல் பிரித்தானிய மருத்துவச் சங்கம் இத்தகைய இரகசிய மருந்துகளைப் பகுப்பாய்வு செய்து ஒரு நூல் வெளியிட்டது. ஒவ்வொரு மருந்திலும் அடங்கியிருப்பது என்ன, அவ்வுள்ளடக்கத்தின் உண்மையான பெறுமதி யாது, மருந்து விற்கப்படும் விலை யாது என்பவற்றை அந்நூல் அருகருகே வைத்துக் காட்டியது. வசை எதுவுமின்றி ஒரு விளம்பரத்தை விமர்சிப்பதற்கு அதைவிடச் சிறந்த முறை இருப்பதாகத் தெரியவில்லை.

அக்கால விளம்பரத்துக்கும் இக்கால விளம்பரத்துக்குமிடையே அடிப்படையான வேறுபாடொன்று உண்டு. பத்திரிகை விளம்பரத்தை ஊரார் அனைவரும் ஒரே பக்கத்திற் கண்டனர். வைத்தியர் கண்டார், பள்ளிக்கூட ஆசிரியர் கண்டார், மருந்தை வாங்கி ஏமாந்தவரும் கண்டார். எனவே அது பொதுவெளியில் மறுக்கப்படக்கூடியதாயிருந்தது. சமூக ஊடக விளம்பரமோ ஆளறிந்து அனுப்பப்படுவது. முழங்கால் நோவைப் பற்றி ஒருமுறை தேடிய மூதாட்டியின் திரையில் அது மீண்டும் மீண்டும் தோன்றும். அடுத்த அறையிலிருக்கும் மருத்துவ மாணவியான பேர்த்தி அதனைக் காணவேமாட்டாள். எல்லார் கையிலும் எட்டுவது போலத் தோன்றினும் உண்மையில் இது காதோடு காதாகச் சொல்லப்படும் பேச்சாகும். இவ்வடிவத்தின் வலிமையனைத்தும் இதிலேயே தங்கியுள்ளது.

இப்பேச்சிற் கேட்கும் குரல்கள் மூன்று. முதலாவது முன்னோரின் குரல். அப்பாச்சியின் அடுக்களை, ஓலைச்சுவடி, மறைந்துபோன இரகசியம் ஆகியன இக்குரலின் உருவகங்கள். இரண்டாவது வைத்தியரின் குரல். வெண்ணிற மேலங்கி, கழுத்தில் இதயத்துடிப்பு கேட்கும் கருவி, ஆங்கிலமும் தமிழும் கலந்த சில கலைச்சொற்கள் என்பன இதற்குப் போதுமானவை. மூன்றாவது, குணமடைந்தவரின் குரல்: துன்பம், தேடல், கண்டடைதல், நன்றியறிதல் என்று செல்லும் அதன் கட்டமைப்பு பக்தர் சொல்லும் அற்புதக் கதையின் கட்டமைப்பேயாகும். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று முரணானவை. முன்னோரின் இரகசியமாயின் ஆய்வுகூடச் சான்று எதற்கு? ஆய்வுகூடம் நிறுவியதாயின் இரகசியம் எவ்வாறு நிலைக்கும்? இம்முரணை வாசகர் உணராதவாறு வேகமாகக் கடந்துசெல்வதே இவ்விளம்பரங்களின் கலைத்திறன் எனலாம்.

இரண்டாவது குரலுக்குத் தேவையான தமிழ் இம்மண்ணிற் கடின உழைப்பால் உருவானது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மாணவருக்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். உடற்கூறு, பிரசவம், இரணவைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளில் நூல்கள் தமிழாக அவரும் அவர்தம் மாணவரும் உழைத்தனர். ஊர் மக்களின் நோயை ஊர் மக்களின் மொழியில் ஆராயும் வைத்தியர் உருவாகவேண்டும் என்பதே அம்முயற்சியின் நோக்கம். அத்தமிழ் இன்று முகவரியற்ற ஒரு புட்டியின் மேலொட்டிய தாளாக மாறியிருப்பது வருந்தத்தக்கது.

எனினும் அதிகம் சுரண்டப்படுவது முதலாவது குரலே. யாழ்ப்பாணத்துக்குச் சித்த மருத்துவம் அந்நியமானதன்று. ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் இங்கு தோன்றின. பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிற் பகுதி பகுதியாக அச்சேற்றினார். கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்வி நடைபெறுகிறது. ஆதலின் விளம்பரகாரர் 'எமது மரபு' என்னும்போது அம்மரபைக் கொண்டே அவர்தம் கூற்றைச் சோதிக்கலாம்.

மரபுவழி மருத்துவம் மருந்தைத் தனியாகக் கொடுப்பதில்லை. எந்த அளவு, எந்த வேளை, எந்த அனுபானத்துடன், எத்தனை நாள் என்பன மருந்தோடு சேர்ந்தே வரும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பத்தியம் வரும். உண்ணத்தகாதன, செய்யத்தகாதன ஆகியவற்றின் பட்டியல் நோயாளியின் அன்றாட வாழ்வையே மாற்றிவிடும். திருக்குறளின் மருந்து அதிகாரம் பெரும்பகுதியும் உணவின் அளவைப் பற்றியே பேசுகிறது என்பது பலரும் அறிந்தது. அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கும்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, பணிசெய்வோன். சமூக ஊடக விளம்பரம் இந்நான்கில் இரண்டை நீக்கிவிடுகிறது. அதில் நோயைத் தீர்ப்பவனும் இல்லை, அருகிருந்து பணிசெய்வோனும் இல்லை. எஞ்சுவன தனித்திருக்கும் நோயாளியும் கூரியரில் வரும் பொதியும் மட்டுமே. 'எதையும் விடத் தேவையில்லை, வழமைபோல உண்ணலாம்' என்னும் வாக்குறுதியையும் அது சேர்த்துக்கொள்கிறது. பத்தியமில்லா மருந்து என்பது சித்த மருத்துவத்தின் பெயரால் விற்கப்பட்டாலும் சித்த மருத்துவத்தின் அடிப்படைக்கே புறம்பானது.

சலரோகத்தை எடுத்துக்கொண்டால் இது மேலும் தெளிவாகும். நிரந்தரமாக மாற்றிவிடலாம் என்று அதிகம் விளம்பரப்படுத்தப்படும் நோய் இதுவே. பழைய மருத்துவ நூலோர் நோய்களைத் தீரக்கூடியன, காலமெல்லாம் கட்டுப்படுத்தி வைக்கக்கூடியன, தீராதன எனப் பகுத்தனர். சரக சங்கிதை பிரமேக நோய்களை இருபதாக்கி, கபத்தால் வரும் பத்தும் தீரும், பித்தத்தால் வரும் ஆறும் கட்டுப்படும், வாதத்தால் வரும் நான்கும் தீரா என்று கூறும். மதுமேகம் என்னும் இனிப்புநீர் நோய் அந்நான்கனுள் ஒன்று! சித்த நூல்களும் மேகநோயை இருபதாகவே வகுக்கும். 1922இல் ரொறன்ரோவில் முதன்முதலாக நோயாளியொருவருக்கு இன்சுலின் ஏற்றப்படும் வரை, தீராதது என்ற அத்தீர்ப்பு உலகெங்கும் ஏறத்தாழ உண்மையாகவே இருந்தது. தன் எல்லையைத் தானே எழுதிவைத்த மரபு அது. 'அசாத்தியம்' என்ற சொல்லை உச்சரிக்கும் துணிவு ஒரு மருத்துவத்தின் நேர்மைக்குச் சான்றாகும். விளம்பரத்தின் சொற்கோவையிலோ அச்சொல் இல்லை. அதனை நம்பி இன்சுலினை நிறுத்தும் நோயாளி, குறிப்பாக இன்சுலின் அறவே சுரக்காத முதலாம் வகையினர், சில நாட்களிலேயே குருதி அமிலமடைந்து உயிராபத்துக்கு உள்ளாகலாம்.

'இயற்கை' என்னும் சொல்லும் இவ்வாறே ஆராயத்தக்கது. அது பொருளின் தன்மையைக் குறிக்கும் சொல்லாக அன்றி, வினா எழுப்புவதைத் தடுக்கும் சொல்லாகவே இவ்விளம்பரங்களிற் பயில்கிறது. மூலிகையால் ஆனவை என விற்கப்பட்ட மெலிவு மருந்துகள் பலவற்றில், இருதய ஆபத்துக் காரணமாக 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்ட சிபியுற்றமின் மறைத்துக் கலக்கப்பட்டிருந்ததை அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் பலமுறை கண்டறிந்துள்ளது. மூட்டுநோவுக்கான ஒரு 'மூலிகை'க் குளிகையில் டெக்சாமெதசோன் என்ற ஸ்ரெறொயிட் இருப்பதாக 2022இல் அதே நிறுவனம் எச்சரித்தது. அத்தகைய குளிகை முதல் வாரத்தில் நோவைக் குறைக்கத்தான் செய்யும். ஆதலால் நன்றிக்கதை சொல்பவர் பொய்யர் என்று கருதவேண்டியதில்லை. தோலை வெளுப்பாக்கும் களிம்புகளின் நிலை இன்னும் வெளிப்படையானது. பாதரசம் தோலின் நிறத்தை மட்டுப்படுத்தும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். மினமாட்டா உடன்படிக்கையின் கீழ் பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை முற்றாக ஒழிக்க 2025 எல்லையாக வைக்கப்பட்டது. கறுப்பு நிறத்தை நோயாக்கி அதற்கு மருந்து விற்கும் இவ்விளம்பரங்கள் மணப்பெண் தேடும் குடும்பங்களின் பழைய வன்மத்தையே புதிய புட்டியில் ஊற்றித் தருகின்றன என்பதையும் சொல்லாமல் விடமுடியாது.

பாமரரே இவற்றில் மயங்குவர் என்ற எண்ணம் படித்தோரிடையே உண்டு. அது தவறு என்பதற்கு 2020ஆம் ஆண்டின் கேகாலைப் பாணியே போதிய சான்று. கொவிட் தொற்றுப் பரவிய வேளையில் தம்மிக்க பண்டார என்பவர், காளியம்மனால் தமக்கு உணர்த்தப்பட்டதாகக் கூறித் தேனும் சாதிக்காயும் சேர்ந்த ஒரு பாணியைத் தயாரித்தார். அது வாழ்நாள் முழுவதற்கும் காப்பளிக்கும் என்றார். அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதனை வெளிப்படையாகவே அருந்தினார். அக்காட்சி கைத்தொலைபேசிகளிற் பரவியது. அவ்வாண்டு டிசெம்பரில் ஆயிரக்கணக்கானோர், கூட்டம் கூடுதல் தடைசெய்யப்பட்டிருந்த வேளையிலேயே, பாணி பெற அவ்வூரிற் திரண்டனர். 2021 சனவரியில் அமைச்சருக்கே தொற்று உறுதியாயிற்று. இங்கு மயங்கியவர் வரிசையிற் பதவியும் கல்வியும் உடையோர் இருந்தனர். பாணியின் உள்ளடக்கத்தை விட, அமைச்சர் அருந்தும் அந்த ஒரு காட்சியே மக்களை ஈர்த்தது.

இதற்கு நேரெதிரான ஒரு காட்சி மருத்துவ வரலாற்றில் உண்டு. 1972இற் சீன விஞ்ஞானி து யூயூ, பழஞ்சீன மருத்துவ நூலொன்றின் குறிப்பைப் பின்பற்றி எடுத்த மூலிகைச் சாற்றைத் தாமே அருந்தினார். அதற்கு முன்னர் அது விலங்குகளிற் சோதிக்கப்பட்டது. பின்னர் மலேரியா நோயாளருக்குக் கொடுக்கப்பட்டு விளைவு எண்ணிப் பதியப்பட்டது. 2015இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது. இருவரும் மரபின் பெயரால் ஒன்றை அருந்தினர். ஒருவர் அருந்தியது தீங்கு உண்டா என்று அறிவதற்கு. மற்றவர் அருந்தியது பிறர் காண்பதற்கு. பாரம்பரிய மருத்துவத்தை மதிப்பது எவ்வழியில் என்பதற்கு இவ்வொப்பீடு தக்க விடையாகும்.

அவ்வாறாயின், இலவச வைத்தியம் கிடைக்கும் நாட்டில், யாழ். போதனா வைத்தியசாலை எட்டும் தூரத்தில் இருக்கும்போது, ஒருவர் ஏன் ஆயிரக்கணக்கான ரூபா கொடுத்து முகவரியற்ற புட்டியை வாங்குகிறார்? அறியாமை என்பது எளிய விடை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் அத்தியாவசிய மருந்துகளே இல்லாமற்போயின. 2023இல் தரமற்ற இமியூனோகுளோபியுலின் கொள்வனவு செய்யப்பட்ட விவகாரம் வெளிவந்தது. அரச மருந்தின் மீதே ஐயம் எழுந்த நாட்டில், அந்த ஐயத்தை மூலதனமாக்குவோர் தோன்றுவது வியப்பன்று. மேலும், கிளினிக் வரிசையில் விடியற்காலை முதல் காத்திருந்து ஓரிரு நிமிடங்களே வைத்தியரைக் காணும் முதியவருக்கு, தம் வருத்தத்தைப் பெயர் சொல்லி விசாரிக்கும் குரல் திரையிலிருந்தே வருகிறது. பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்க, தனித்து வாழும் பெற்றோர் நிறைந்த குடாநாட்டில் அக்குரலின் விலை மருந்தின் விலையிலும் அதிகம். விளம்பரம் விற்பது அக்கவனிப்பையே.

சட்டம் இல்லாமலில்லை. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும், 2015ஆம் ஆண்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டமும் இந்நாட்டில் உள்ளன. இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் சட்டமொன்றின்படி சலரோகம் உள்ளிட்ட நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்தல் குற்றம். அச்சட்டம் உறங்கிக் கிடந்த நிலை 2024இல் பதஞ்சலி வழக்கில் வெளிப்பட்டது. இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த அவ்வழக்கில், நிறுவனம் பத்திரிகைகளில் மன்னிப்பு வெளியிட்டதாகக் கூறியபோது, முன்னர் வெளியிட்ட விளம்பரங்களின் அளவிலேயே அம்மன்னிப்பும் இருந்ததா என்று உச்ச நீதிமன்றம் வினவியது. நிறுவனம் பின்னர் பெரிய அளவில் மீண்டும் அச்சிட நேர்ந்தது. எழுத்தின் பருமனையும் ஒரு சான்றாகக் கொண்ட அவ்வினா நல்லதோர் இலக்கிய விமர்சகரின் வினாவுமாகும்.

சமூக ஊடகத்தில் அவ்வினாவைக் கேட்க வழியில்லை. அங்கு விளம்பரம் அச்சில் நிற்பதில்லை. நீதிமன்றத்தில் வைக்க ஒரு பக்கமும் எஞ்சுவதில்லை. 2024இற் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை எடுத்துக்காட்டியவாறு, அறியப்பட்ட வைத்தியரின் முகத்தையும் குரலையும் இயந்திரத்தாற் போலியாக்கி அவர் ஒருபோதும் சொல்லாததைச் சொல்லவைக்கின்றனர். விளம்பரத்தைச் சுமந்துவரும் நிறுவனமும் பயனற்றுச் சுமப்பதில்லை. மோசடிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களும் பற்றிய விளம்பரங்களால் 2024இல் தன் வருமானத்தின் ஏறத்தாழப் பத்து வீதம் கிடைக்கும் என்று முகநூலின் உரிமையாளரான மெற்றா நிறுவனம் தன் உள் ஆவணங்களில் மதிப்பிட்டிருந்ததாக ரொய்ட்டர் 2025 நவம்பரில் வெளிப்படுத்தியது. முறைப்பாட்டின் பேரில் ஒரு விளம்பரம் நீக்கப்படின், அதே நிழற்படம், அதே நன்றிக்கதை, வேறொரு புட்டியின் பெயருடன் மறுநாள் அதே மூதாட்டியின் திரைக்கு வந்துசேர்கிறது.