வீரபாண்டியன் உரிமைக்கு யார் சாட்சி?

12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மதுரை அரியணைக்காகப் பராக்கிரம பாண்டியனும், நெல்லைச் சீமையைத் தளமாகக் கொண்ட குலசேகர பாண்டியனும் மோதினர். முற்றுகையில் சிக்கிய பராக்கிரமன் இலங்கை வேந்தன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் படையுதவி கேட்டான். அந்தப் படை கரையேறுமுன்பே மதுரை குலசேகரன் வசமாயிற்று. பராக்கிரமனும் அவன் குடும்பத்தாரும் கொல்லப்பட்டனர். மலைநாட்டுக்குத் தப்பிய இளமகன் வீரபாண்டியன் ஒருவனே உரிமை கோர மிஞ்சினான்.

அவன் கதையை விரிவாகச் சொல்லும் பழைய மரபுகள் இரண்டு, இரண்டுமே அந்நியருடையவை: ஒன்று இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம், மற்றது சோழர் கல்வெட்டுகள். பாலி மொழியில் எழுந்த சூளவம்சம் இலங்கைத் தளபதி இலங்காபுரன் இராமேசுவரத்தைப் பிடித்தது, வழியில் பணிந்த தலைவர்களின் பெயர்கள், மதுரையில் வீரபாண்டியனுக்கு முடிசூட்டியது என அத்தனையும் அடுக்குகிறது. வெற்றியோடு கதையை முடித்தும்விடுகிறது. இலங்காபுரன் உள்ளிட்ட தளபதிகளின் தலைகள் மதுரைக் கோட்டை வாயிலில் அறையப்பட்டதை அறியப் பல்லவராயன்பேட்டைச் சோழக் கல்வெட்டுக்குத்தான் போகவேண்டும். காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கம் கல்வெட்டு இன்னும் அரியது. இலங்கைப் படையால் விளைந்த அச்சம் நீங்கச் சைவ ஆசாரியர் உமாபதிதேவர் 28 நாள் பூசை செய்ததை அது பதிவுசெய்கிறது. வெற்றி பாடும் கல்வெட்டுகள் நூறு கிடைக்கும். அஞ்சியதைச் சொல்லும் கல்வெட்டு எளிதில் கிடைக்காது. தன் தரப்புக்குப் பெருமை தராததையும் சொல்லும் சான்றுக்கே என் தராசில் எடை அதிகம்.

அந்த வகையில் திருவாலங்காட்டுக் கல்வெட்டும் மதிப்புமிக்கது. குலசேகரன் இலங்கையோடு இரகசியமாகக் கைகோத்ததால், அதுவரை அவனை ஆதரித்த சோழர் வீரபாண்டியன் பக்கம் சாய்ந்ததை அது ஒளிக்கவில்லை.

கீல்ஹார்ன், சுவாமிக்கண்ணுப் பிள்ளை போன்ற ஆய்வாளர்கள் வானியல் கணக்கால் பாண்டியர் ஆண்டுகளை வரையறுத்தனர். ஒரே பெயரில் பல அரசர் மயங்கும் குலத்தில் அந்த உழைப்பு இல்லாமல் எதுவும் நிற்காது. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி தம் பாண்டிய வரலாற்றில் (1929) சூளவம்சத்தையும் கல்வெட்டுகளையும் எதிரெதிரே வைத்துப் படித்தார். அதுவே இன்றும் பின்பற்றத் தக்க முறை.

உரிமை இருந்தும் அரியணை நிலைக்காதவன் வீரபாண்டியன் மட்டுமல்ல. இங்கிலாந்தில் 1066 அக்டோபரில் மன்னன் ஹெரால்டு போரில் மாண்டதும் ஆங்கிலோ-சாக்ஸன் பெருமக்கள் அரச குலத்து இளைஞன் எட்கரை அரசனாகத் தேர்ந்தனர். முடிசூடும் வாய்ப்பு அவனுக்கு வரவேயில்லை. கிறிஸ்துமஸ் அன்று, போரில் வென்ற வில்லியம் முடிசூடினான். வீரபாண்டியனோ முடிசூடியும் அயலார் படையை அண்டியே ஆண்டான். இலங்கை அவனைக் கைவிட்டது, சோழர் ஏந்தினர். பிறகு அதே சோழர் குலத்து மூன்றாம் குலோத்துங்கன் அவனை வென்று, மதுரையை விக்கிரம பாண்டியனுக்குக் கொடுத்தான்.