சாவி கொடுக்கிற சுகம்

ஹெச்.எம்.டி. ஜனதா கட்டியிருக்கிறீர்களா? இல்லையென்றால் உங்கள் மேல் எனக்கு உண்மையிலேயே பரிதாபம்தான். வாட்ச் என்றால் இதுதான் வாட்ச். மற்றதெல்லாம் கையில் கட்டிக்கொள்கிற ஏதோ ஒன்று.

அப்படி என்ன இருக்கிறது அதில்? வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. வெள்ளை டயல், மூன்று முள், 'பாரா ஷாக்', '17 ஜுவல்ஸ்' என்று பொடி எழுத்து. தேதிகூடக் காட்டாது. காலையில் எழுந்ததும் சாவியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் திருகினால் கிர்ர், கிர்ர் என்று ஒரு சத்தம். முதலில் லேசாகப் போகும், போகப் போக விரலில் இறுக்கம் தெரியும், ஒரு இடத்தில் 'போதும்' என்று நின்றுவிடும். அவ்வளவுதான். மறுநாள் காலை வரைக்கும் அது நம்மிடம் எதுவும் கேட்காது.

வாட்ச் ரிப்பேர்காரர் பின்மூடியைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு குனிவார். உள்ளே பேலன்ஸ் வீல் இப்படியும் அப்படியுமாக ஆடிக்கொண்டிருக்கும், நொடிக்கு ஐந்து தட்டு, மணிக்கு 18,000. அங்கங்கே கடுகைவிடச் சின்னதாகச் சிவப்புக் கற்கள். செயற்கை மாணிக்கம்தான், ஆனால் அலங்காரத்துக்கு வைத்ததில்லை. பல்சக்கரங்களின் அச்சு தேயாமல் சுற்றுவதற்கு. பேட்டரி கிடையாது, சிப் கிடையாது. ஒரு சுருள்வில் மெல்ல அவிழ்கிறது, அந்த அவிழ்தலைப் பேலன்ஸ் வீல் துளித்துளியாக அளந்து விடுகிறது. முதல் தடவை பார்த்தபோது கடையை விட்டு நகர மனசே வரவில்லை எனக்கு.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து 1961இல் பெங்களூரில் தொடங்கியது ஹெச்.எம்.டி.யின் வாட்ச் தயாரிப்பு. அதற்கப்புறம் ஒரு தலைமுறைக்கே மாப்பிள்ளை சீர் என்றால் இந்த வாட்ச்தான். அதை எடுத்துத் தராமல் தாலி கட்டமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நின்ற மாப்பிள்ளைகளின் கதை எல்லா ஊரிலும் உண்டு. பிறகு நம் ஒசூரில் டைட்டன் வந்தது. டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்தது. அதன் வாட்ச்சுக்குள் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிற குவார்ட்ஸ் படிகத்தோடு சுருள்வில் எப்படிப் போட்டி போடும்? ஹெச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்யாமல் இல்லை. ஆனால் கடையில் ஆட்கள் பார்க்கிற அழகு டைட்டனிடம் இருந்தது. 2016இல் ஹெச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூடுவதென்று மத்திய அரசு முடிவெடுத்தது. இதில் சதியெல்லாம் எதுவும் இல்லை. ஜனங்கள் நல்ல சரக்காகப் பார்த்து வாங்கினார்கள், அவ்வளவுதான்.

ஸ்மார்ட் வாட்ச்சையும் கட்டிப் பார்த்தவன்தான் நான். மகள் ஆசையாக வாங்கித் தந்தாள். ஒரு துக்க வீட்டில் பாயில் உட்கார்ந்திருக்கிறேன், கை 'டுர்ர்ர்' என்கிறது. என்னவென்று பார்த்தால், வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறீர்களாம், எழுந்து நடங்களேன் என்கிறது! பக்கத்திலிருந்த பெரியவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... ராத்திரி அதற்குச் சார்ஜ் போடவேண்டும், காலையில் சரியாகத் தூங்கவில்லை என்று அதனிடமே திட்டும் வாங்கவேண்டும். இதயத் துடிப்பில் கோளாறு இருப்பவர்களுக்கு அது பெரிய துணை, மறுக்கவில்லை. டாக்டர் சொன்னால் நானும் மறுபடி கட்டிக்கொள்வேன். அதுவரைக்கும் அது பெட்டியிலேயே இருக்கட்டும்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். என் ஜனதா ஒரு நாளில் அரை நிமிடம் முன்னே பின்னே ஓடும். இதை நம்பி ரயில் பிடிக்க ஓடிய காலத்தில் பிறந்திருந்தால் நானும் இதைச் சபித்துவிட்டு முதல் ஆளாகக் குவார்ட்ஸுக்கு மாறியிருப்பேன். இன்றைக்குச் சரியான நேரம் போனில் இருக்கிறது, ஸ்டேஷனில் இருக்கிறது, திரும்பின பக்கமெல்லாம் இருக்கிறது. அந்தப் பொறுப்பை அவை எடுத்துக்கொண்டதால்தான் ஜனதாவை இப்படி ஹாயாக ரசிக்க முடிகிறது. பழசைக் கொஞ்ச நேரம் கிடைத்ததே புதுசின் தயவில்தான்!

ஆசை வந்துவிட்டதா? அவசரப்பட்டு ஆன்லைனில் பச்சை, ஊதா டயலில் பளபளக்கிறதை வாங்கிவிடாதீர்கள். அதில் நிறைய, பழைய மெஷினில் புதுப் பெயிண்ட் அடித்த ஒட்டு வேலை. முதலில் வீட்டு பீரோவைக் குடையுங்கள். தாத்தாவுடையதோ பெரியப்பாவுடையதோ எங்காவது கிடக்கும். கிடைத்த உற்சாகத்தில் அங்கேயே சாவி கொடுத்துவிட வேண்டாம், உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும், ஓடவிட்டால் சக்கரம் தேயும். நேரே ரிப்பேர்காரரிடம் கொண்டுபோய் சர்வீஸுக்குக் கொடுங்கள். மூடியைக் கழற்றும்போது மறக்காமல் எட்டிப் பாருங்கள்.