மதுக்கூடத்தில் மலர்ந்த மன்றம்

கலையைத் திறனாய்வோர் இரண்டு கேள்விகளைத் தவறாது கேட்பர். பாடியவர் யார்? பாடியது என்ன? மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்க மட்டும் அவர்தம் நா எழுவதில்லை. உள்ளே உட்கார்ந்து கேட்டவர் யார், வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்பதே அது. பகுத்தறிவாளராகிய நாம் அந்த மூன்றாவது கேள்வியையே முதற் கேள்வியாகக் கொள்கிறோம். அந்த அளவுகோலைக் கையிற் கொண்டு, நியூயார்க் நகரின் மதுக்கூடம் ஒன்றில் திங்கட்கிழமைதோறும் நடந்துவரும் ஜாஸ் இசையரங்கை அளந்து பார்ப்போம்.

"மதுக்கூடமா!" என்று முகஞ்சுளிக்கும் தோழர்கள் இருக்கக்கூடும். குடியைப் போற்ற நாம் பேனா எடுக்கவில்லை. ஆனால், பெரிய இசை மண்டபங்களின் கதவுகள் கறுப்பின இசைவாணருக்கு எளிதில் திறவாத காலத்தில், திறந்து கிடந்தது மதுக்கூடத்தின் கதவு. அதுவும் எப்படித் திறந்தது? ஹார்லம் பகுதியில் காட்டன் கிளப் என்றோர் ஆடம்பர விடுதி. 1927 முதல் 1931 வரை டியூக் எலிங்டன் தம் குழுவினரோடு அங்கே வாசித்தார். மேடையிலே கறுப்பர், மேசையிலே வெள்ளையர்! வாசித்தவரின் இனத்தார் வந்தமர்ந்து கேட்க வழியில்லை. கலை வேண்டும், கலைஞனின் இனம் வேண்டாம்! இந்த 'நீதி'யின் பொருளை நமக்கு எவரும் உரை எழுதி விளக்கத் தேவையில்லை.

அரசின் சட்டமாவது அவர்களுக்குத் துணை நின்றதா? 1940 முதல் 1967 வரை, நியூயார்க் மதுக்கூடங்களில் வாசிக்க வேண்டுமானால் காவல்துறை தரும் அடையாள அட்டை வேண்டும். கைவிரல் வித்தை போதாது. கைரேகையும் பதிய வேண்டும்! தெலோனியஸ் மங்க் என்ற பியானோ மேதையின் அட்டை 1951-ல் பறிக்கப்பட்டது. 1957 வரை அவருக்கு அந்நகர மதுக்கூட மேடைகள் இல்லை. பில்லி ஹாலிடேயின் குரலும் 1947-ஆம் ஆண்டுச் சிறைத் தண்டனைக்குப் பின் அவ்வாறே அடைக்கப்பட்டது. 1926-ல் பிறந்த கேளிக்கைக் கூடச் சட்டமோ, உரிமம் பெறாத சிறு கடைகளில் மூவருக்கு மேல் வாசிக்கலாகாது, ஊதுகருவியும் முரசும் கூடாது என்ற நிலைவரை போயிற்று. ஊதுகருவியும் முரசும் இல்லாமல் ஜாஸ் ஏது? அந்தத் தடை 1988-ல்தான் நீதிமன்றத்தில் வீழ்ந்தது. சட்டம் முழுவதும் நீங்க 2017 ஆயிற்று.

இந்தப் பின்னணியை மனத்திற் கொண்டு, நிலவறைப் படிகளில் இறங்குவோம். செவன்த் அவென்யூவில் 1935 முதல் இயங்கிவரும் வில்லேஜ் வான்கார்டு, லித்துவேனியாவிலிருந்து குடியேறிய மேக்ஸ் கார்டன் நிறுவியது. முக்கோண வடிவ அறை. 123 பேருக்குத்தான் இடம். அங்கே 1966 பிப்ரவரி 7, திங்கட்கிழமை இரவு, ஒரு பெருங்குழு முதன்முதலாக அரங்கேறியது. தலைமை ஏற்றவர் இருவர்: மிச்சிகனின் பான்டியாக் நகரில் பிறந்த கறுப்பினக் கலைஞர் தாட் ஜோன்ஸ், பஃபலோ நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்த முரசுக் கலைஞர் மெல் லூயிஸ். இன ஒதுக்கலைச் சட்டத்தால் அகற்றிய 1964 கழிந்து இரண்டே ஆண்டுகள்! ஏட்டில் எழுதப்பட்ட சமத்துவம் நாட்டில் நடைபழகாத நாளில், கறுப்பரும் வெள்ளையரும் தோளோடு தோள் உரச அமர்ந்து ஒரே சுரத்தாளைப் படித்தனர்.

அவர்களுள் பலர் பகலெல்லாம் ஒலிப்பதிவுக் கூடங்களில் பிறர் கேட்டதை வாசித்துக் கூலி பெற்றவர்கள். விளம்பரத்துக்கு ஒரு மெட்டு, தொலைக்காட்சிக்கு ஒரு முழக்கம். திங்கள் இரவு மட்டும் தம் மூச்சுக்குத் தாமே உரிமையாளர். உழைப்பை விற்ற உழைப்பாளி, அதைத் தனக்கென மீட்டுக்கொண்ட இரவு அது.

இசைதான் எப்படி? இசைத்தட்டுகளின் வழியே கேட்டோர் உணர்வர்: தாட் ஜோன்ஸ் எழுதிய சுரக்கோவைகள் நெருக்கமாக நெய்த துணி போன்றவை. ஒருவர் தனித்து வாசிக்கையில் மற்றவர் அடங்கி வழிவிடுவர். அவர் களைக்குமுன் பின்னணியிலிருந்து எழுந்து தாங்குவர். எப்போது எழுவது, எப்போது அடங்குவது என்பதை ஜோன்ஸ் கையசைவால் அந்தந்த வேளையிலேயே முடிவு செய்வார். ஆகவே நேற்றைய பாட்டு இன்று அதே பாட்டன்று. மெல் லூயிஸின் முரசு எவரையும் அதட்டாது. அனைவரையும் நடத்திச் செல்லும். தனிமனித உரிமையும் கூட்டுக் கட்டுப்பாடும் பகையல்ல என்பதைச் சொற்பொழிவின்றி மெய்ப்பித்த இசை இது.

அந்த நொடியிலேயே கற்பனை பிறக்கக் கண்டு, "தெய்வ அருள்" என்று கைகூப்புவோர் எந்நாட்டிலும் உண்டு. அருள் எங்கே வந்தது? தாட் ஜோன்ஸ் 1954 முதல் 1963 வரை கவுண்ட் பேசியின் குழுவில் ஒன்பது ஆண்டுகள் உழைத்தவர். விரல் தேய்ந்த பயிற்சிக்குக் கிடைத்த கூலியைக் கடவுளின் கணக்கில் வரவு வைப்பது, கலைஞனுக்குச் செய்யும் களவு.

தனிமனித வழிபாடும் இங்கே தோற்றது. தாட் ஜோன்ஸ் 1979-ல் டென்மார்க்கில் குடியேறினார். குழு கலையவில்லை. மெல் லூயிஸ் 1990-ல் மறைந்தார். அப்போதும் கலையவில்லை, வான்கார்டு ஜாஸ் இசைக்குழு என்ற பெயரோடு தொடர்ந்தது. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் கதவை மூடியது. 2021 செப்டம்பரில் கதவு மீண்டும் திறந்தது. தலைவர் சென்றார், கொள்கை நின்றது.

புகழ்ந்தோம், குறையை மறைத்தால் திறனாய்வு துதிபாடலாகிவிடும். முதற்குறை: 1966-ல் மேடையேறிய அந்த அணியில் ஒரு பெண்ணும் இல்லை. நிற வேலியைத் தாண்டிய கால்கள், பால் வேலியின் முன்னே நின்றுவிட்டன! ஊதுகருவிக்கு வேண்டியது மூச்சு, மீசையன்று. 1989-ல் மேக்ஸ் கார்டன் மறைந்தபின், அந்த இடத்தையே 2018 வரை கட்டிக் காத்தவர் அவர் துணைவியார் லொரேன் கார்டன். சாவி பெண்ணின் கையில் இருந்தது. மேடையோ பெரிதும் ஆண்களின் வரிசையாகவே இருந்தது. அதே கிரீனிச் வில்லேஜ் பகுதியில், விசியோனஸ் என்ற கூடத்தில், 1993 முதல் 1998 வரை மரியா ஷ்னைடர் என்ற பெண்மணி தம் இசைக்குழுவைத் திங்கள்தோறும் நடத்திக் காட்டினார். "பெண்ணால் முடியுமா?" என்ற கேள்விக்கு, அதே கிழமையில், கூப்பிடு தொலைவில் கிடைத்த விடை அது!

இரண்டாவது குறை, நாம் தொடங்கிய கேள்வியிலிருந்தே எழுவது. நிறம் பார்த்துத் தடுத்த வாயிற்காவலன் போய்விட்டான். நுழைவுக் கட்டணம் என்ற புதுக் காவலன் நிற்கிறான். பிறந்த இனத்தார் பசியோடு தெருவில் நிற்க, அவர் பெற்றெடுத்த இசை கட்டணம் கட்டியவருக்கே கேட்குமானால், காட்டன் கிளப்பின் நிழல் முற்றும் அகலவில்லை என்றே பொருள். 1972-ல் இக்குழுவைச் சோவியத் நாட்டுக்குத் தூதாக அனுப்பிப் பெருமை தேடிற்று அமெரிக்க அரசு. வெளிநாட்டில் காட்டிய சமத்துவத்தை உள்நாட்டு வீதியிலும் நிறைவாக்கியிருந்தால் அப்பெருமை முழுமை பெற்றிருக்கும்.

எனினும் தோழர்களே, ஒன்றை மறவாதீர்! ஒரு நாள் ஒன்றுகூடிக் கைதட்டிக் கலைவது விழா. அரை நூற்றாண்டுக்கு மேலாக, வாரந்தோறும், ஒரே இடத்தில், ஆள் மாறியும் அடிப்படை மாறாது கூடுவது இயக்கம். மாநாட்டுப் பந்தல் பிரித்ததும் ஓய்ந்துவிடும் நம் மன்றங்களும் படிப்பகங்களும் அந்தத் திங்கட்கிழமையிடம் பாடம் கேட்கலாம். கதவு எல்லாருக்கும் திறந்திருக்கட்டும். விளக்கு வாரந்தவறாது எரியட்டும்!