பழைய சேஃப்டி ரேசரை எப்படி ரசிப்பது?

பழைய ரேசர் ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் பிடியைத்தான் பார்க்கிறார்கள். முலாம் மங்காமல் இருக்கிறதா, வேலைப்பாடு எப்படி, பெட்டி உண்டா என்று விசாரிக்கிறார்கள். ரசிக்க வேண்டிய இடம் அதுவல்ல. ரேசரைப் பக்கவாட்டில் திருப்பி, தலையைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து பாருங்கள். பிளேடு எந்தச் சாய்வில் நிற்கிறது, எது அதைப் பிடித்திருக்கிறது, தோலுக்கும் பிளேடின் வாய்க்கும் நடுவில் என்ன இருக்கிறது? சேஃப்டி ரேசரின் வரலாறு முழுக்க இந்த மூன்று கேள்விகளில் அடங்கிவிடும்.

18-ஆம் நூற்றாண்டில் ழான்-ழாக் பெரே என்ற பிரெஞ்சுக் கத்திக் கொல்லர் சவரக்கத்தியின் வாய்க்கு மரக்காப்பு போட்டார். வெட்டு ஆழமாக இறங்காது. ஆனால் பிடிக்கும் விதம் பழைய கத்தியுடையதுதான். 1847-இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹென்சன் பிளேடைப் பிடிக்குக் குறுக்காகத் திருப்பினார். மண்வெட்டியின் வடிவம் என்று அவருடைய காப்புரிமை ஆவணமே சொல்கிறது. நீராவி விமானத்துக்குத் திட்டம் போட்டவரும் இவர்தான். விமானம் ஆளை ஏற்றிப் பறக்கவேயில்லை. குறுக்குத் தலை இன்றுவரை நம் குளியலறையில் இருக்கிறது.

1880-இல் நியூயார்க்கின் கேம்ப்ஃபே சகோதரர்கள் கொண்டுவந்த 'ஸ்டார்' ரேசர் கிடைத்தால் நிதானமாகப் பாருங்கள். அதன் பிளேடு சவரக்கத்தியிலிருந்து நறுக்கியெடுத்த துண்டு மாதிரி இருக்கும்: தடித்த முதுகு, மெலிந்த வாய். தலை ஒரு சிறிய உலோகத் தொட்டி. வழித்த நுரையும் மயிரும் அதில் சேரும். அந்தத் தொட்டியின் வளைவு அத்தனை நேர்த்தி! ஆனால் மழுங்கிய பிளேடைத் தூக்கியெறிய முடியாது. தோல்வாரில் தீட்ட வேண்டும், அவ்வப்போது சாணைக்கல்லும் வேண்டும். புது வடிவம்தான் என்றாலும், பழைய கத்தியின் வேலை பாதி அப்படியே தங்கிவிட்டது.

அந்த வேலையை ஒழித்தது கிங் கேம்ப் ஜில்லெட்டின் ரேசர். மழுங்கியதும் தூக்கியெறியும் பிளேடை மலிவான எஃகுத் தகட்டில் செய்யும் யோசனை அவருக்கு 1895-இல் வந்தது. அவ்வளவு மெல்லிய தகட்டைக் கோணாமல் கடினப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்தவர் பொறியாளர் வில்லியம் நிக்கர்சன். விற்பனை தொடங்கிய 1903-இல் போனது 51 ரேசர்களும் 168 பிளேடுகளும். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு இந்த ரேசர் லட்சக்கணக்கில் வழங்கப்பட்டது.

என்னைக் கேட்டால் ஜில்லெட் ரேசரின் உயிர் அதன் வளைவில் இருக்கிறது. பிளேடின் தடிமன் சுமார் 0.15 மில்லிமீட்டர். தட்டையாக வைத்தால் மயிரில் பட்டதும் அதிரும், வளையும். ஒரு தாளின் ஓரத்தைப் பிடித்து நீட்டுங்கள், துவண்டு விழும். அதையே நீளவாக்கில் லேசாகக் குழித்துப் பிடித்தால் விறைத்து நிற்கும். ரேசரின் மேல்மூடி அடிப்பக்கம் குழிந்திருப்பது இதற்காகத்தான். பிடியைத் திருகத் திருக, மூடியும் கீழ்த்தகடும் நடுவில் பிளேடை நெருக்கி வளைத்துவிடுகின்றன. தடித்த எஃகில் கிடைத்த உறுதி இங்கே வளைவிலிருந்து கிடைக்கிறது. தீட்டும் வேலையே இல்லை.

கீழ்த்தகட்டின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போன்ற வரிசையைத் தொட்டுப் பாருங்கள். பற்கள் தோலை இழுத்துப் பிடித்து, அது பிளேடுக்குள் பிதுங்காமல் காக்கின்றன. இடைவெளிகள் வழியே நுரையும் மயிரும் பிளேடுவரை வந்துசேர்கின்றன. பிற்காலத்தில் பற்களுக்குப் பதிலாக வந்த நேர்ப்பட்டை நுரையைக் கொஞ்சம் முன்கூட்டியே வழித்துத் தள்ளிவிடும். எனக்குப் பற்கள் உள்ளதே பிடிக்கும்.

வாங்குவதாக இருந்தால் பிளேடைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பல்லாகப் பாருங்கள். கீழே விழுந்த ரேசரில் பல் ஒன்றாவது கோணியிருக்கும். பிறகு புது பிளேடு ஒன்றை மாட்டுங்கள். இன்று பெட்டிக்கடையில் கிடைக்கும் இருமுனை பிளேடே பொருந்தும். ஆரம்பகால ஜில்லெட் பிளேடில் வட்டத் துளைகள் மூன்றுதான். இப்போதைய நீளப் பிளவு பின்னால் வந்தது, ஆனால் மாட்டுவதற்கு அது தடையில்லை. திருகிய பிறகு இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் அந்த ரேசரை அலமாரியில் வைக்கலாம், முகத்தில் வைக்க வேண்டாம்.